‘கரையோரச் சொந்தங்கள்’ குழு: பாக் நீரிணைக்கு அடியில் கேபிள்

அமுதா, இரவு 7:42
பெரியப்பா, இந்தியா–இலங்கை கடலடி மின்கேபிள்தான் என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். 50 கி.மீ., 400 கேவி ஏசி, 1000 மெகாவாட்னு போட்டிருந்தேன். ‘ஏன் ஏசி?’னு மட்டும் எழுதி கைடு திருப்பிக் கொடுத்துட்டாங்க. ‘தூரம் அதிகம், அதனால டிசி’னு மாத்திடவா?

பெரியப்பா, 7:49
டிசின்னு மாத்து. ஆனா அந்தக் காரணத்தை எழுதாத, அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்குவ. கணக்குப் போட்டுப் பாரு. கேபிளோட மின்தேக்குத்திறன் கிலோமீட்டருக்கு 0.2 மைக்ரோஃபாரட்னு வை. 400 கேவின்னா ஒரு ஃபேசுக்கு 231 கேவி. 314 (2π × 50 ஹெர்ட்ஸ்) × 0.2 மைக்ரோ × 231 ஆயிரம், கிலோமீட்டருக்கு 14.5 ஆம்பியர் வருது. 50 கி.மீ.க்கு 725 ஆம்பியர், லோடே இல்லாம, கேபிளைச் சார்ஜ் பண்ண மட்டும்.

பெரியப்பா, 7:51
கேபிள் 1000 ஆம்பியர் தாங்கும்னா வேலைக்கு மிஞ்சுறது 690 (ரெண்டும் செங்குத்து, அதனால வர்க்கத்துலதான் கழிக்கணும்). நஷ்டம்தான், ஆனா முடியாததில்ல. ரெண்டு கரையிலயும் அந்த சார்ஜ் கரன்டை ஈடுகட்டுற ரியாக்டர் (சுருள்) வச்சா இன்னும் தேறும். மால்டாவுக்கும் சிசிலிக்கும் நடுவுல 2015-ல போட்டது 220 கேவி ஏசிதான். இதைவிட நீளம்.

அமுதா, 7:52
அப்ப உண்மையான காரணம் என்ன?

ரவி அண்ணா மன்னார், 7:58
தங்கச்சி, ஏசியால இணைச்சால் ரெண்டு நாட்டு ஜெனரேட்டர்களும் ஒரே சீராச் சுழலவேணும். இந்தியாவின்ர உச்ச லோடு 2024 மே மாசம் 250 ஜிகாவாட். இலங்கையில 3 ஜிகாவாட்டும் இல்லை. இந்தியாவில ஒரு பெரிய லைன் ட்ரிப் ஆனால், அந்த ஊசலாட்டம் முழுக்க இந்த ஒரு கேபிளுக்குள்ளாலதான் வந்து போகும். ரிலே (பாதுகாப்புக் கருவி) உடனே வெட்டிப் போடும். ரெண்டு பக்கமும் 50 ஹெர்ட்ஸ்தானே எண்டு நினைச்சு ஒட்டக்கூடாது. டிசி எண்டால் நாங்கள் சொல்லுற மெகாவாட்தான் போகும், கூடவும் மாட்டுது, குறையவும் மாட்டுது.

பெரியப்பா, 8:01
ரவி சொல்றதை முதல் பத்தியா எழுது. கூடவே பேரமாராவைச் சேரு. இந்தியா–வங்கதேசம், 2013, 500 மெகாவாட். அங்க கடலே இல்ல, நிலத்து எல்லைதான். இருந்தும் நடுவுல டிசி ஸ்டேஷன் வச்சுத்தான் இணைச்சாங்க.

அமுதா, 8:03
எழுதிட்டேன். ஏசியை டிசியா மாத்துற கன்வெர்ட்டர் பழைய தைரிஸ்டர் சுவிட்ச் வகையா, தானே அணையுற சுவிட்ச் இருக்கிற விஎஸ்சியா?

பெரியப்பா, 8:09
ரெண்டையும் பாக்கணும்னா கரூர் மாவட்டத்துப் புகளூர் போதும். சத்தீஸ்கர் ராய்கரிலிருந்து வர்ற ±800 கேவி, 6000 மெகாவாட் தைரிஸ்டர். அங்கிருந்து திருச்சூர் போறது ±320 கேவி, 2000 மெகாவாட் விஎஸ்சி, வழியில ஒரு பகுதி நிலத்தடி கேபிள். உனக்கு வேண்டியது ரெண்டாவது. தைரிஸ்டர் தானா அணையாது, எதிர்முனை ஏசி வோல்டேஜ் திடமா இருந்தாத்தான் அணையும். சின்ன கிரிட்டுல வோல்டேஜ் கொஞ்சம் சரிஞ்சாலே தடுமாறும். இன்னொண்ணு, தைரிஸ்டர்ல மின்சாரத்தைத் திருப்பி அனுப்பணும்னா வோல்டேஜோட துருவத்தையே மாத்தணும். எக்ஸ்எல்பிஇ (பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) இன்சுலேஷனுக்குள்ள ஏற்கெனவே தேங்கியிருக்கிற மின்னூட்டம் அப்ப எதிரியாகி இன்சுலேஷனையே துளைச்சிடும். விஎஸ்சியில கரன்ட் மட்டும்தான் திரும்பும்.

ரவி அண்ணா மன்னார், 8:13
அதோட, முழு நாடும் இருண்டு கிடந்தாலும் விஎஸ்சி இந்தியப் பக்கத்துக் கரன்டை வைச்சு இங்க கிரிட்டைத் திரும்ப எழுப்பும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை சப்ஸ்டேஷனில குரங்கு பட்டு நாடு முழுக்க இருண்டதெல்லோ. ஞாயிறு முற்பகல் லோடு குறைவு, சோலார் கூட, சுழலுற மெஷின் கொஞ்சம். சின்னத் தட்டலுக்கே ஃப்ரீக்வென்சி விழுந்துபோகும்.

அமுதா, 8:15
அப்ப 1000 மெகாவாட் சரியா அண்ணா? 2010-ல இருந்தே மதுரை–அநுராதபுரம் 1000-னுதானே பேச்சு? 2025 ஏப்ரல்ல புரிந்துணர்வு ஒப்பந்தம் வேற போட்டிருக்காங்க.

ரவி அண்ணா மன்னார், 8:24
அந்த 1000-உம் ரெண்டு 500 எண்டுதான் பிரிச்சிருக்கு. ஏன் எண்டு கணக்கால காட்டு. ஞாயிறு மத்தியானம் சுழலுற மெஷின்களில தேங்கியிருக்கிற சக்தி 6000 மெகாவாட்-செக்கன் எண்டு எடு. 500 மெகாவாட் இறக்குமதி நடக்கேக்க லிங்க் ட்ரிப் ஆகுது. 500 × 50 ÷ (2 × 6000), செக்கனுக்கு 2 ஹெர்ட்ஸ். அரைச் செக்கனில 49-க்கு வந்திடும். ஒரேயடியா 1000 போனால் கால் செக்கன். லோடு வெட்டுற ரிலே வேலை செய்யவே நேரம் காணாது. இப்ப இங்க இருக்கிற பெரிய யூனிட் நுரைச்சோலையில 300 மெகாவாட். அதை இழந்தாலே கஷ்டம்.

ரவி அண்ணா மன்னார், 8:26
அதால கேபிள் 500 தாங்கினாலும், மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் இறக்குமதி வரம்பு மாறவேணும். இரவு உச்ச நேரம் 500 விடலாம். ஞாயிறு மத்தியானம் 200 எண்டாலும் யோசிக்கவேணும், அந்த நேரம் ஏற்றுமதிதான் நல்லது. ‘இலங்கைக்கு எவ்வளவு தேவை’ எண்டு தொடங்காத தங்கச்சி. ‘ஒரே அடியில எவ்வளவு போனால் நாடு தாங்கும்’ எண்டு தொடங்கு.

பெரியப்பா, 8:31
இப்ப ஆம்பியர். ±320 கேவியில 500 மெகாவாட், 640-ஆல வகுத்தா 781 ஆம்பியர். செம்பு 1000 சதுர மி.மீ. எடு. கிலோமீட்டருக்கு 0.0176 ஓம், 50 கி.மீ.க்கு 0.88. ரெண்டு கேபிளும் சேர்ந்து இழக்கிறது சுமார் 1.1 மெகாவாட். கன்வெர்ட்டர் ஸ்டேஷன் ஒவ்வொண்ணும் ஏறக்குறைய 1 சதவீதம் சாப்பிடும், ரெண்டுக்குமா 10 மெகாவாட். இழப்பைக் குறைக்கணும்னு செம்பைத் தடிமனாக்குறதுல பிரயோஜனமில்ல.

சித்தப்பா, 8:35
அண்ணே, இழப்புக்காக இல்லேன்னாலும் சூட்டுக்காகத் தடிமன் பாக்கணும். கம்பெனி அட்டவணை கடல் 15 டிகிரின்னு வச்சு எழுதினது. நம்ம கடல் சித்திரை வைகாசியில 30. கண்டக்டர் 70 டிகிரி வரைக்கும்தான்னா, ஏற இருக்கிற சூடு 55-க்குப் பதிலா 40. தாங்குற ஆம்பியர் 15 சதவீதம் குறையும்.

சித்தப்பா, 8:38
அதுவும் கடலுக்குள்ள பயமில்ல, ஈர மணல் சூட்டை நல்லா இழுக்கும். கரையேறுற இடத்துலதான் பிடிக்கும். காஞ்ச மணல் சூட்டை விடாது, ஈர மணலைவிட ரெண்டு மூணு மடங்கு தடுக்கும். அதுலயும் குழாய்க்குள்ள கேபிளை இழுத்து விட்டுட்டு வெத்துக் காத்தா விட்டா இன்னும் மோசம். பென்டோனைட் களிமண் கலவை அடைக்கணும். அமுதா, ரெண்டு கரையிலயும் தரைப்பக்கம் ஒரு கிலோமீட்டருக்கு மட்டும் 1400 சதுர மி.மீ. போடு, மிச்சம் 1000 இருக்கட்டும். ஆனா ரெண்டு அளவும் சேர்ற இடத்து ஜாயிண்டைத் தரையில வை, தண்ணிக்குள்ள வேண்டாம்.

அமுதா, 8:40
👍 செல்வி அத்தை, கடல் பக்கம் நீங்கதான் சொல்லணும். ‘பெரிய கப்பல் நங்கூரம்தான் முதல் ஆபத்து’னு எழுதியிருக்கேன். 2024 டிசம்பர் 25 அறுந்த எஸ்ட்லிங்க் 2 (பின்லாந்து–எஸ்தோனியா மின்கேபிள்) உதாரணம்.

செல்வி அத்தை, 8:52
அது பின்லாந்து வளைகுடா. அங்க எண்ணெய்க் கப்பல் போகும். பாக் விரிகுடாவுல பெரும்பகுதி 15 மீட்டருக்குள்ளதான் ஆழம், அந்த மாதிரி கப்பல் உள்ளயே வராது. இங்க ஆபத்து இழுவலைப் பலகை. அது சேத்துல 20, 30 செ.மீ. உழுதுட்டுப் போகும். நாள் தவறாம, அதே தடத்துல. இன்னொண்ணு, கஜா மாதிரி ஒரு புயல் வந்தா ஆழமில்லாத இடத்துல மணலே இடம் மாறிடும். புதைச்ச கேபிள் வெளிய வந்து, ரெண்டு மேட்டுக்கு நடுவுல தொங்கும். அலை ஆட்ட ஆட்ட ஈய உறை களைச்சு வெடிக்கும். அதனால 1.5 மீட்டர் ஆழத்துல புதைக்கணும், புயலுக்கு அப்புறமெல்லாம் ஒரு சர்வே போடணும்.

செல்வி அத்தை, 8:57
சர்வேல என்னென்னன்னு தனித்தனியா எழுது. மல்டிபீம் எதிரொலிமானி ஆழத்துக்கு. சைட்-ஸ்கேன் சோனார் பவளம், பாறை, விட்டுப்போன வலை எல்லாத்துக்கும். சப்-பாட்டம் ப்ரொஃபைலர், மணலுக்குக் கீழ பாறை எவ்வளவு ஆழத்துல இருக்குன்னு பாக்க. 2 மீட்டருக்கு மண் குழாய் எடுத்து, சித்தப்பா சொன்ன வெப்பத்தடையை லேப்ல அளக்கணும். பாறை மேல வந்தா கேபிளைப் புதைக்கிற கலப்பை இறங்காது. அங்க வார்ப்பிரும்பு உறை மாட்டி, மேல கான்கிரீட் மெத்தை போடணும்.

அமுதா, 8:59
கேபிள் கப்பல் எது எடுக்கிறது அத்தை? 7000 டன் ஏத்துறது ஒண்ணு பார்த்தேன்.

செல்வி அத்தை, 9:06
எடையைப் பாக்காத, அடி எவ்வளவு தண்ணி கேக்குதுன்னு பாரு. மீட்டருக்கு 35 கிலோ, 50 கி.மீ., ரெண்டு கேபிள்: 3500 டன். பெரிய கப்பல் ஒரே நடையில ஏத்தும், ஆனா அதுக்கு அடியில 6, 7 மீட்டர் தண்ணி வேணும். கரைக்குக் கிட்ட வரவே முடியாது. தட்டையான பார்ஜ்தான். பார்ஜ்ல பாதிதான் ஏறும்னா நடுக்கடல்ல ஜாயிண்ட் விழும்.

சித்தப்பா, 9:09
ஒரு ஜாயிண்டுக்குக் குறைஞ்சது ஒரு வாரம், மூடின கன்டெய்னர்ல, ஈரப்பதம் அடக்கி. தூசியோ வியர்வைத் துளியோ ஒண்ணு உள்ள போனா அன்னிக்குத் தெரியாது, ஏழெட்டு வருஷம் கழிச்சு வெடிக்கும். அந்த ஒரு வாரம் பார்ஜ் அசையாம நிக்கணும்.

ரவி அண்ணா மன்னார், 9:12
அப்ப காலம் பாக்கவேணும். ஐப்பசியில இருந்து மார்கழி வரை வாடை, வேலை நடக்காது. மாசி, பங்குனிதான் அமைதி. வைகாசியில சோழகம் (தென்மேற்குக் காத்து) தொடங்கிடும்.

செல்வி அத்தை, 9:15
ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில மீன்பிடித் தடை. விசைப்படகு இல்லாத நாள் அது. முதல் ஒரு மாசம் கடலும் ஒத்துழைக்கும். கேபிள் இறக்குறதை அதுல வை. மன்னார்ப் பக்கம் அந்தத் தடை இல்ல, அங்க தொழிலுக்குப் போறவங்களோட தனியாப் பேசி, எந்தெந்த நாள் எந்தத் தடம்னு முன்கூட்டியே சொல்லணும், இழந்த நாளுக்குப் பணமும் கொடுக்கணும். கடல்புல் திட்டு இருக்கிற இடத்தைச் சுத்திப் போ, ஆவுளியா (கடல்பசு) மேயுற இடம். தடத்துக்கு அனுமதி இரண்டு அரசும் தரணும். இங்க 1974 எல்லைக் கோட்டோட ரெண்டு நாட்டுக் கடலும் முடிஞ்சிடுது, நடுவுல பொதுக்கடல்னு ஒண்ணு கிடையாது.

அமுதா, 9:18
ரெண்டு கேபிளையும் 50 மீட்டர் தள்ளித் தள்ளிப் போட்டா ஒண்ணு போனாலும் மத்தது பிழைக்கும்ல?

பெரியப்பா, 9:25
ஒரே சுற்றோட ப்ளஸ், மைனஸ் அது. ஒண்ணு போனா மத்தது இருந்தும் உபயோகமில்ல. சேர்த்துக் கட்டியே போடு. தனியா இருந்தா 781 ஆம்பியர், 10 மீட்டர் மேல மிதக்குற படகுல 15 மைக்ரோடெஸ்லா காட்டும். அங்க பூமியோட கிடைமட்டக் காந்தப்புலம் சுமார் 40. திசைகாட்டி 20 டிகிரி வரைக்கும் திரும்பிடும். நாட்டுப்படகுக்காரருக்கு அது உயிர்ப் பிரச்சினை. 15 செ.மீ. இடைவெளியில கட்டிப் போட்டா ரெண்டும் ஒண்ணையொண்ணு அழிச்சு, கால் மைக்ரோடெஸ்லாதான். தள்ளிப் போட வேண்டியது முதல் 500-ஐயும் ரெண்டாவது 500-ஐயும். அதுக்கு 50 மீட்டர் பத்தாது, கரையேறுற இடமே வேற வேறயா இருக்கட்டும்.

சித்தப்பா, 9:28
அமுதா, பட்ஜெட்ல உதிரி கேபிள் போட்டியா?

அமுதா, 9:28
இல்ல சித்தப்பா.

சித்தப்பா, 9:33
ஆஸ்திரேலியாவுல டாஸ்மேனியாவுக்குப் போற பாஸ்லிங்க் கடல் கேபிள் 2015 டிசம்பர்ல அறுந்தது, 2016 ஜூன்லதான் வந்தது. டாஸ்மேனியா அணையெல்லாம் வத்திக் கிடந்த நேரம். அறுந்த இடத்தைக் கரையிலிருந்தே எதிரொலி அனுப்பிக் கண்டுபிடிக்கலாம். ஆனா வெட்டி, நீர் ஏறின நீளத்தையெல்லாம் கழிச்சு, புதுத் துண்டு வச்சா ரெண்டு ஜாயிண்ட். ஒரு கிலோமீட்டராவது உதிரி, நாலு ஜாயிண்ட் செட்டு, கரையிலேயே வச்சிருக்கணும். ஜாயிண்ட் செட்டுல இருக்கிற ரப்பருக்குக் காலாவதி தேதி உண்டு. அதை மாத்துற செலவையும் வருஷக் கணக்குல எழுது.

அமுதா, 9:36
சரி. நாளைக்கு ராத்திரி திருத்தின அட்டவணை போடுறேன். ரவி அண்ணா, அந்த 6000 மெகாவாட்-விநாடியை 4000, 8000-க்கும் போட்டுப் பாக்கவா?

ரவி அண்ணா மன்னார், 9:38
போடு. மூன்றுக்கும் பக்கத்தில ஞாயிறு, வேலைநாள், இரவு எண்டு எழுது. 4000-க்கு வாற எண்ணைப் பார்த்திட்டு இறக்குமதி வரம்பை நீயே சொல்லு, நான் பிறகு பாக்கிறன்.