பிழையின்றி ஓடிய மணிநேரத்தை நம்பலாமா?

எண்கணக்கன்:
எம்பெடட் மென்பொருளை, அதாவது கருவிகளுக்குள் பொதிந்து அவற்றை இயக்கும் மென்பொருளை, நன்றாகச் சோதித்துவிட்டோம் என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எத்தனை மணி நேரம், எந்த உள்ளீடுகளோடு? களத்தில் எந்த உள்ளீடு எந்த விகிதத்தில் வருமோ, அதே விகிதத்தில் குலுக்கி எடுத்து 3,000 மணி நேரம் ஓட்டியும் ஒரு பிழைகூட வரவில்லை என்றால், பிழை வீதம் 1,000 மணி நேரத்துக்கு ஒன்றைத் தாண்டாது என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். இந்தக் கணக்கு இல்லாத இடத்தில் மிஞ்சுவது மேலாளரின் அபிப்பிராயம்தான்.

வரிக்குவரி:
1991 பிப்ரவரி 25 அன்று சவூதியின் தஹ்ரானில் நடந்ததைப் பாருங்கள். பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணியது. 0.1 என்பது இரும எண்ணில் முடிவில்லாமல் நீளும். அதை 24 பிட்டுக்குள், அதாவது 24 இரும இலக்கங்களுக்குள், வெட்டியதில் துளித்துளியாக விடுபட்டு, 100 மணி நேரம் அணைக்காமல் ஓடியதும் பிசகு 0.34 நொடி ஆனது. அதற்குள் ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும்; பேட்ரியாட் தவறான இடத்தில் தேடி அதைத் தவறவிட்டது. 28 வீரர்கள் இறந்தார்கள். தினமும் அணைத்து ஏற்றிச் சோதித்திருந்தால் உங்கள் சூத்திரம் பச்சைக்கொடி காட்டியிருக்கும். நிரலை வரிவரியாகப் படித்தவர் பிடித்திருப்பார்.

எண்கணக்கன்:
அது சூத்திரத்தின் குற்றமா? தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓடும் என்பதும் களப் பயன்பாட்டில் அடக்கம். அதை விட்டுவிட்டால் மாதிரியே கோணல். அந்தப் பிசகைக் காட்டிக்கொடுத்ததும் களத் தரவுதான்: 8 மணி நேரத்திலேயே இலக்கைத் தேடும் எல்லை 20 சதவீதம் நகர்ந்துவிடுவதை இஸ்ரேலில் இயங்கிய பேட்ரியாட்டின் பதிவுகள் இரண்டு வாரம் முன்பே காட்டின. திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது 26ஆம் தேதி!

வரிக்குவரி:
பேட்ரியாட் ஓரிடத்தில் அவ்வளவு நேரம் ஓடும் என்று வடிவமைத்தவர்களே எதிர்பார்க்கவில்லையே, மாதிரியில் எப்படிச் சேர்ப்பார்கள்? விமானத்துக்கு வாருங்கள். பேரழிவு தரும் கோளாறு 100 கோடி மணி நேரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குள் இருக்க வேண்டும். உங்கள் மூன்று மடங்குக் கணக்கில் 300 கோடி மணி நேரம், அதாவது 3 லட்சத்து 40 ஆயிரம் ஆண்டு. இது நடவாத காரியம் என்று ஆய்வாளர்கள் பட்லரும் ஃபினெல்லியும் 1993இலேயே எழுதிவிட்டார்கள்.

தரவுத்தோழி:
இன்னொன்று. சோதனையில் பிழை கண்டு திருத்தியபின், பழைய மணிநேரங்களையும் அதே கணக்கில் சேர்க்காதீர்கள். திருத்தியது வேறு மென்பொருள்.

எண்கணக்கன்:
ஏற்கிறேன். விமானத்துக்கு இது மட்டும் எட்டாது என்பதையும் ஏற்கிறேன். ஆனால் ஆபத்தில் இயந்திரத்தை நிறுத்தும் ஒரு பாதுகாப்பு அமைப்பு, செயல்பட வேண்டிய 1,000 தருணங்களில் ஒன்றுக்கு மேல் தவறாது என்று 99 சதவீத உறுதி பெற ஏறக்குறைய 4,600 பிழையற்ற சோதனைகள் போதும். சிமுலேட்டரில் ஓட்டிவிடலாம். அதைக்கூடச் செய்யாமல் கருவியைச் சந்தைக்கு அனுப்புவது எனக்குப் பொறுக்கவில்லை.

வரிக்குவரி:
அந்த 4,600க்கும் சரியான விடை எது என்று தீர்ப்புச் சொல்வது யார்? இன்னொரு நிரல் என்றால் அதுவும் அதே இடத்தில் தடுக்கி விழலாம். தனித்தனியே எழுதப்பட்ட 27 நிரல்களைப் பத்து லட்சம் முறை ஓட்டிப் பார்த்து, ஆய்வாளர்கள் நைட்டும் லெவசனும் 1986இல் இதைத்தான் காட்டினார்கள்.

எண்கணக்கன்:
பத்து லட்சம் முறையும் குலுக்கி எடுத்த உள்ளீடுகள்தான், நண்பரே. வரிவரியாகப் படித்து அதைக் கண்டுபிடிக்கவில்லை.