எல்இடி வால் முன்னாடி எடுத்த படத்துல குறுக்க வரி விழுது, புது கேமரா பாடி வாங்கலாமா?

உசிலைக்காரன்:

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். உசிலம்பட்டி பக்கம் ஆறு வருஷமா கல்யாணம், காதுகுத்து, சடங்கு எடுத்துக்கிட்டு இருக்கேன். கையில சோனி ஏ7 த்ரீ, டாம்ரான் 28-75 எஃப் 2.8 லென்ஸ், ஒரு 85 எம்எம் லென்ஸ், பேட்டரி செல் போடுற பழைய ஃபிளாஷ் ஒண்ணு.

போன வாரம் ஒரு ரிசப்ஷன். மேடைக்குப் பின்னாடி பூ அலங்காரம் கிடையாது, முழுக்க எல்இடி வால், அதாவது சுவர் அளவுக்கு டிவி மாதிரி திரை. எடுக்கும்போது ஒண்ணும் தெரியலை. வீட்டுக்கு வந்து லேப்டாப்ல போட்டா 640 படத்துல பாதிக்கு மேல குறுக்க வரி வரியா இருக்கு. சில படத்துல பொண்ணோட நெத்தி பளிச்சுனு, கன்னம் இருட்டா, மறுபடி கழுத்து பளிச்சுனு. பொண்ணோட அண்ணன் பார்த்துட்டு, "டிவியை போட்டோ எடுத்த மாதிரி இருக்கே"னு சொன்னார். அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரலை.

ஒரு விஷயம் சொல்லிடறேன். சைலண்ட் மோடுல எடுத்தா ஷட்டர் தேயாதுனு ஒருத்தர் சொன்னதால, ஒரு வருஷமா சைலண்ட்லதான் எடுக்கிறேன். அதுல ஃபிளாஷ் அடிக்காதுங்கிறதால ஃபிளாஷும் பையிலயே கிடக்கு.

ஆவணி முகூர்த்தத்துல சேர்த்த ஒன்றரை லட்சம் இருக்கு. பழைய பாடியையும் குடுத்துட்டு ஏ7 ஃபோர் போகலாமானு யோசனை. தை மாசம் பதினொரு முகூர்த்தம் ஒத்துக்கிட்டிருக்கேன். அதுக்குள்ள முடிவெடுக்கணும். சொல்லுங்க.

அடையாறு லென்ஸ்:

ஏ7 ஃபோர் நல்ல பாடிதான். 2021 அக்டோபரில் அறிவித்தார்கள், 33 மெகாபிக்சல். வீடியோவும் எடுப்பீர்கள் என்றால் அது 10 பிட் 4:2:2 தரும் (நிற விவரம் அதிகம்), உங்கள் ஏ7 த்ரீ 8 பிட்தான். பட்டுச்சேலையின் நிறத்தை கிரேடிங்கில் (நிறத் திருத்தத்தில்) இழுக்கும்போது அந்த வித்தியாசம் கண்ணில் படும்.

ஆனால் வரிக்கு அது மருந்து ஆகாது. சைலண்ட் மோடில் வைத்தால் அதிலும் விழும். வரிசை வரிசையாகப் படிப்பதால் வரும் வரி விழாத சென்சார் வேண்டுமென்றால் 2023 நவம்பரில் அறிவித்த ஏ9 த்ரீ போல குளோபல் ஷட்டர் இருக்க வேண்டும். அது எல்லா வரிசையையும் ஒரே சமயத்தில் படித்துவிடும். அதன் விலைக்கு உங்கள் சேமிப்பைப் போல் இரண்டு மடங்கு வைத்தாலும் போதாது.

சிறுமலை ஸ்டுடியோ:

தம்பி, அந்தக் காசை எடுத்து உள்ள வைங்க. பாடி வாங்காதீங்க. முதல்ல மெனுவுக்குள்ள போய் சைலண்ட் ஷூட்டிங்கை ஆஃப் பண்ணுங்க, மீதியை அப்புறம் பேசலாம்.

நடந்தது என்னன்னா, நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மண்டபத்துல எரியிற பல லைட்டு நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும், கண்ணுக்குத் தெரியாது. பத்து மில்லி செகண்டுக்கு ஒரு மங்கல்னு வைங்க. மெக்கானிக்கல் ஷட்டர்ல திரை ஒரு பக்கத்துலயிருந்து மறுபக்கம் ஓடி முடிக்க நாலு மில்லி செகண்டு போலத்தான் ஆகும். சைலண்ட்ல திரையே இல்லை. சென்சாரு ஒவ்வொரு வரிசையா படிச்சுக்கிட்டே கீழ இறங்கும், அதுக்குப் பல மடங்கு நேரம் பிடிக்கும். அது அடி வரைக்கும் இறங்குறதுக்குள்ள லைட்டு பல தடவை மங்கி எழுந்திரிச்சுடும். மங்கினப்போ படிச்ச வரிசை இருட்டு, எழுந்தப்போ படிச்சது வெளிச்சம். அதான் அந்தப் பொண்ணு முகத்துல பட்டை பட்டையா நின்னது. உங்க கேமரா மேல குத்தமே இல்லை.

மெக்கானிக்கலுக்கு மாத்தி ஷட்டரை 1/100 வைங்க. அசைவு இல்லாத குரூப் போட்டோவுக்கு 1/50. ஒரு முழுச் சுத்து வெளிச்சமும் உள்ள வந்துடும். ஏ7 த்ரீல ஆன்டி ஃபிளிக்கர்னு ஒண்ணு மெனுவுல இருக்கு. 100 ஹெர்ட்ஸ், 120 ஹெர்ட்ஸ் மங்கலைக் கண்டுபிடிச்சு, வெளிச்சம் உச்சத்துல இருக்கிற நேரமாப் பார்த்து க்ளிக் பண்ணும். அதுவும் சைலண்ட்ல வேலை செய்யாது.

எல்இடி வால் தனிக் கணக்கு. அதோட மினுக்கல் கரண்டைப் பொறுத்தது இல்லை, அதை ஓட்டுற டிரைவரைப் பொறுத்தது. வால் போடுற ஆபரேட்டர்கிட்ட ரெஃப்ரெஷ் ரேட் (நொடிக்கு எத்தனை தடவை திரை புதுப்பிக்குதுங்கிறது) 1920-ஆ 3840-ஆனு கேளுங்க. 3840-னா நிம்மதி. பிரைட்னஸ் அதிகமா இருந்தா கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம், ஆனா ரொம்பக் குறைச்சா வரி கூடத்தான் செய்யும். அது மங்கறதே விட்டு விட்டு எரிஞ்சுதானே. ரெண்டு பேரையும் வாலைவிட்டு அஞ்சாறு அடி முன்னாடி நிக்க வைங்க, லென்ஸை 2.8-க்குத் திறந்து எடுங்க, பின்னாடி வால் மங்கலாகிடும். வால்ல இருக்கிற புள்ளி புள்ளி ஃபோகஸ்ல விழுந்தா சல்லடை மாதிரி ஒரு கோலம் வரும், அது எடிட்டிங்லயும் போகாது.

ஷட்டர் தேயும்ங்கிற பயத்துக்கும் ஒரு கணக்கு சொல்றேன். ஏ7 த்ரீ ஷட்டரை 2 லட்சம் க்ளிக்குக்கு சோதிச்சதா கம்பெனி சொல்லியிருக்கு. கல்யாணத்துக்கு 1500 வச்சாலும் 130 கல்யாணம். அதுக்கப்புறம் ஷட்டர் மாத்திக்கலாம். நீங்க எடுத்த முகத்தை மறுபடி எடுக்க முடியாது தம்பி.

இப்போ காசு. அதுல பாதிகூட ஆகாது, ரெண்டு ஃபிளாஷும், தூரத்துல இருக்கிற ஃபிளாஷை வயர் இல்லாம அடிக்க வைக்கிற ட்ரிகர் ஒண்ணும் வாங்குங்க. நான் வச்சிருக்கிறது கோடாக்ஸ் வி1, 2019-ல வந்தது. 76 வாட் செகண்டு, 2600 எம்ஏஹெச் லித்தியம் பேட்டரி. ஃபுல் பவர்ல 480 தடவை, மறுபடி தயாராக 1.5 நொடினு போட்டிருக்கான். நான் ஃபுல் பவரே வைக்கிறதில்லை. ஐஎஸ்ஓ 1600, ஃபிளாஷ் 1/8 இல்லேன்னா 1/16. அப்படி வச்சா அடுத்தடுத்து அமுக்கினாலும் கூடவே வரும். காலையில நாலு மணிக்குப் போட்ட பேட்டரி பந்தி வரைக்கும் நின்னிருக்கு. செல் நாலு போட்ட காலத்துல தாலி கட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை, அப்புறம் ஒரு தடவைனு மாத்துவேன். அதே கம்பெனியோட வி860 த்ரீயும் இதே சக்தி, இதே பேட்டரி அளவு. தலை மட்டும் செவ்வகம். வட்டத் தலையில வெளிச்சத்தோட ஓரம் மெதுவா கரையும், சுவர்ல நிழல் வெட்டுன மாதிரி நிக்காது. எனக்கு அது பிடிக்குது, அதுக்காக வி1. டிடிஎல் (ஃபிளாஷ் அளவைக் கேமராவே முடிவு பண்றது) உங்களுக்கு அவசியமில்லைன்னா ரெண்டாவதா டிடி600 போதும், அது மேனுவல் மட்டும்தான்.

ஒண்ணு கேமரா மேல. ரெண்டாவதை மோனோபாட்ல (ஒத்தைக் கால் கம்பு) மாட்டி பையன் கையில குடுங்க. ஸ்டாண்டு வேண்டாம், கெட்டிமேளம்னு சொன்னதும் எல்லாரும் எழுந்து முன்னாடி வருவாங்க, ஸ்டாண்டு சாஞ்சா குழந்தை மேல விழும். பையன் மேடைக்கு இடது பக்கம் நின்னு, எல்லார் தலைக்கும் மேல தூக்கிப் பிடிக்கணும். ஹோமப் புகைக்கும் இதுதான் வழி. நேருக்கு நேர் அடிச்சா புகை வெள்ளைத் துணி மாதிரி முகத்தை மூடிடும். பக்கத்துலயிருந்து அடிச்சா புகை பின்னாடி போய் சுருள் சுருளா நிக்கும், முகம் தெளிவா முன்னாடி வரும்.

இன்னொண்ணு, நான் பட்டது. இந்த ட்ரிகர் எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ்ல பேசுது, 32 சேனல் இருக்கு. பெட்டியிலயிருந்து எடுத்தபடியே எல்லாரும் ஒண்ணாம் சேனல்ல விட்டுடுவாங்க. நானும் விட்டிருந்தேன். வத்தலகுண்டு பக்கம் ஒரு கல்யாணம், நான் பொண்ணு வீட்டு ஆளு. மாப்பிள்ளை வீட்ல வேற ஒருத்தர் வந்திருந்தார். அவர் அமுக்கும்போதெல்லாம் என் ஃபிளாஷ் அடிக்குது. கூட்டத்துல எனக்குப் புரியவே இல்லை. முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவார், மத்த ரெண்டும் நாத்தனார். அந்த முதல் முடிச்சு மூணு நாலு நொடிதான். மஞ்சக் கயிறு பொண்ணு கழுத்துல ஏறுது, அவங்க அப்பா கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கறார், நான் அமுக்கறேன், ஃபிளாஷ் அடிக்கலை. அடிச்சு அடிச்சு சூடேறிப் போய், தயாராகலை. அந்தப் படம் இருட்டா என்கிட்ட இன்னும் இருக்கு. வெளிச்சம் ஏத்திக் குடுத்தேன், புள்ளி புள்ளியா. அவங்க ஒண்ணும் சொல்லலை. எனக்கு ஆறலை.

அதனால வாங்கின அன்னிக்கே சேனலை மாத்துங்க, ஐடினு 1-லயிருந்து 99 வரைக்கும் ஒண்ணு இருக்கும், அதையும் மாத்துங்க. மண்டபத்துக்குள்ள போனதும் எதிர் வீட்டு போட்டோகிராபர்கிட்ட போய், அண்ணே நீங்க எந்தச் சேனல்னு கேட்டுடுங்க.

கடைசியா, ஃபிளாஷ் கைக்கு வந்ததும் முகத்தை வெள்ளையாக்கற ஆசை வரும், பார்ட்டியும் கேப்பாங்க. செய்யாதீங்க. மாநிற முகத்துல மஞ்சப் பூசுன பளபளப்பு இருக்கே, வெளிச்சத்தை அரை ஸ்டாப் குறைச்சு வச்சாத்தான் அது நிக்கும், ஜரிகையும் வெளுத்துப் போகாது.

நொய்யல் கேண்டிட்:

சிறுமலை அண்ணன் எழுதினதை அப்படியே ஒத்துக்கறேன். நான் பட்டதையும் சொல்றேன் தம்பி.

ஃபிளாஷை மேல பார்த்து அடிக்கறதுக்கு முன்னாடி சீலிங்கைப் பாருங்க. நம்ம பக்கத்து மண்டபங்கள்ல மேல துணிப் பந்தல் போட்டுடறாங்க. ரோஸ் துணியில அடிச்சா முகம் ரோஸ், பச்சைத் துணின்னா பாட்டியம்மா காய்ச்சல் வந்த மாதிரி இருப்பாங்க. அந்த மாதிரி இடத்துல தலையைத் திருப்பிப் பின்பக்கத்து வெள்ளைச் சுவர் எங்கேன்னு தேடுங்க. அதுவும் இல்லைன்னா சின்ன வெள்ளை அட்டை ஒண்ணை ரப்பர் பேண்ட் போட்டு ஃபிளாஷ்ல கட்டிக்கலாம். முகூர்த்தத்துக்கு மஞ்ச லைட்டு நிறைய இருந்தா ஃபிளாஷ் மேல பாதி அடர்த்தி ஆரஞ்சு ஜெல் (கலர் கண்ணாடித்தாள்) ஒட்டுங்க, முகமும் மேடையும் ஒரே நிறத்துல வரும்.

ட்ரிகர் வாங்கும்போது சோனிக்கானதானு பார்த்து வாங்குங்க. கேமரா மேல ஃபிளாஷ் மாட்டற ஷூவுக்குள்ள முன்பக்கம் மெல்லிசா பின் வரிசை இருக்கும். சாய்வா தள்ளினா வளைஞ்சுடும். நேரா, மெதுவா, பாதி தூக்கத்துல செய்யாம தள்ளுங்க. வேர்வைக் கையை வேட்டியில துடைச்சுட்டுத் தொடுங்க.

ரெண்டு கார்டுலயும் எழுதறீங்களா? ஏ7 த்ரீல ஒண்ணாம் ஸ்லாட்தான் யூஹெச்எஸ் டூ, வேகமானது. ரெண்டாவது மெதுவானது. ரெண்டுலயும் ரா (சுருக்காத பெரிய ஃபைல்) போட்டா ரெண்டாவது எழுதி முடிக்கிற வரைக்கும் பஃபர், அதாவது கேமராவோட தற்காலிக நினைவு, காலியாகாது. நான் ஒண்ணுல ரா, ரெண்டுல ஜேபெக் வச்சிருந்தேன்.

காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துல பழகிப் பாருங்க.

உசிலைக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி வீட்லயே சோதிச்சேன். பூஜை ரூம்ல அம்மா மாட்டின எல்இடி சீரியல் லைட்டுக்குப் பக்கத்துல அம்மாவை உட்கார வச்சு எடுத்தேன். சைலண்ட்ல 1/500, அம்மா முகத்துல ஏழு பட்டை, எண்ணிப் பார்த்தேன். மெக்கானிக்கல்ல 1/100, ஒண்ணுகூட இல்லை. "எதுக்குடா இவ்வளவு சந்தோஷம்"னு அம்மா கேட்டாங்க.

வி1 ரெண்டும் ட்ரிகரும் வாடகைக்கு எடுத்திருக்கேன். நாளைக்கழிச்சு அத்தை பொண்ணு கல்யாணம், 4.30 டூ 6 முகூர்த்தம். மெயின் ஆளு நான் இல்லை, ஓரமா நின்னு எடுக்கப்போறேன். அந்த போட்டோகிராபருக்கு போன் பண்ணிக் கேட்டுட்டேன், அவர் ஒண்ணாம் சேனல்லதான் இருக்கார். நான் 17, ஐடி 42. தம்பி முறையில ஒரு பையன் மோனோபாட் பிடிக்க வர்றான், நேத்து மொட்டை மாடியில அரை மணி நேரம் தூக்கிப் பிடிக்கப் பழகினான், கை வலிக்குதுன்னான்.

ஒரு சந்தேகம். அவன் இடது பக்கம் நிக்கும்போது பொண்ணு எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும்? வெளிச்சம் முதல்ல மாப்பிள்ளை மேல விழுந்து பொண்ணு மேல நிழல் விழாதா?

சிறுமலை ஸ்டுடியோ:

நல்ல கேள்வி தம்பி. நம்ம பக்கம் பெரும்பாலும் மாப்பிள்ளைக்கு வலது கைப் பக்கம் பொண்ணு இருக்கும், நீங்க எதிர்ல நிக்கறதால உங்களுக்கு இடது. அதனால பையனை இடதுல நிறுத்தினா வெளிச்சம் பொண்ணு முகத்துல முதல்ல விழும். சில வீட்ல தாலி கட்டினதுக்கப்புறம் இடம் மாத்தி உட்கார வைப்பாங்க. முன்னாடியே ஐயர்கிட்டயோ, மாப்பிள்ளையோட தாய்மாமன்கிட்டயோ கேட்டுக்கங்க. மாத்தினா பையனும் மாறணும்னு சொல்லி வைங்க.

தாலி கட்டும்போது மாப்பிள்ளை குனிவார், அவர் தோள் பொண்ணு முகத்தை மறைக்கும். பையனை இன்னும் ஒரு முழம் உயரத் தூக்கச் சொல்லுங்க. கை வலிச்சா முழங்கையை நெஞ்சோட சேர்த்துப் பிடிக்கலாம்.

முதல் முடிச்சுப் படத்தை சின்னதாக்காம அப்படியே இங்க போடுங்க. பெருசு பண்ணிப் பார்க்கணும்.