சரிவான நிலத்தில் விறகு அட்டி: பள்ளத்துப் பக்கம் சாயாமல் போடுவது எப்படி?

மாந்தோப்பு (தேன்கனிக்கோட்டை):
வீட்டுக்குப் பின்னாடி முழுக்கச் சரிவு, 10 அடிக்கு 2 அடி வாட்டம். மாமரம் கவாத்து பண்ணின கட்டை, ஒரு புளிய மரம், கொஞ்சம் வேலிக்காத்தான் இருக்கு. எல்லாம் ஒன்றரை அடி நீளத்துக்கு அறுத்துப் பிளந்தாச்சு. 4 அடி உயரம் அடுக்கினதுமே அட்டி (விறகு அடுக்கு) பள்ளத்துப் பக்கம் வயிறு தள்ளுது. வரிசையைச் சரிவுக்குக் குறுக்கே போடறதா, மேலிருந்து கீழே போடறதா? ஐப்பசி மழைக்குள்ள முடிக்கணும்.

பாலக்கோட்டான்:
ஜேசிபி வெச்சு ஒரு மணி நேரம் சமன் பண்ணிடுங்க. எதுக்கு இவ்வளவு யோசனை?

கல்லுக்கால் (அஞ்செட்டி):
விறகுக்காக ஜேசிபி வேண்டாங்க. வெட்டின மேட்டு மண் மழையில கரைஞ்சு அட்டி மேலேயே சரியும். பள்ளத்துல கொட்டின புது மண் அமுங்கும். நிலம் சரிவாவே இருக்கட்டும், அடி மட்டமா இருந்தா போதும்.

வரிசை சரிவுக்குக் குறுக்கே போகட்டும். அடியில 2 நீளக் கட்டை, நடுவுல 1 அடி இடைவெளி. உங்க வாட்டத்துக்குக் கீழ்க்கட்டை ஏறக்குறைய 2½ அங்குலம் தாழ்ந்து நிக்கும். அதுக்கடியில 3 அங்குலத்துக்குப் பலகைக்கல் கொடுங்க. கூடுதலா வர்ற அரை அங்குலம் அட்டியை மேட்டுப் பக்கம் லேசா சாய்ச்சு வைக்கும். உருண்டைக் கல் வேண்டாம், பாரம் ஏறினதும் நழுவிடும். 2 அடிக்கு ஒரு கல். ரசமட்டத்தைக் கட்டை நீளத்துல மட்டும் வெச்சுப் பார்த்தா ஏமாந்துடுவீங்க, ரெண்டு கட்டைக்கும் குறுக்கே வெச்சும் பாருங்க.

புளி கனம், அது அடியில. மா சீக்கிரம் உளுத்துப்போகும், முதல்ல எரிக்க வேண்டியது அதுதான், மேலே போடுங்க. ஒரு முனை பருத்த கட்டைன்னா பருத்த முனை பள்ளத்துப் பக்கம் வரட்டும். 2 அடி உயரம் வந்ததும், 5 அடிக்கு ஒண்ணா 3 அடி நீளக் கழியை விறகோட சேர்த்து அடுக்கி, மேட்டுப் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கிற முனையை முளைக்குச்சியில கட்டுக்கம்பியால இறுக்குங்க. வயிறு தள்ளறதை நிறுத்தறது இதுதான். ஈர விறகு காயக் காயச் சுருங்கும், வெயில் படற பக்கம் முதல்ல சுருங்கும், அட்டி அந்தப் பக்கம் சாயும். பள்ளத்துப் பக்கம் மேற்கு வெயில் அடிச்சா 3½ அடிக்கு மேல போகாதீங்க.

மாந்தோப்பு:
நன்றிங்கண்ணா. ஒரு ஓரத்துல அகலம் பத்தாது, அங்க மேலிருந்து கீழேதான் போட முடியும்.

கல்லுக்கால்:
அப்போ விறகு உருண்டு பாரம் மொத்தமும் கீழ் முனையில வந்து இறங்கும். ஒரே வரிசையா போடாதீங்க. 4 அடிக்கு ஒரு படி வெட்டுங்க, படிக்குப் படி 10 அங்குலம் இறக்கம் வரும். ஒவ்வொரு படியோட கீழ் முனையிலும் 5 அடி கல்லுக்கால், ஒன்றரை அடி குழியில, தலை மேட்டுப் பக்கம் சாஞ்ச மாதிரி நட்டு ஜல்லி போட்டு இடிச்சிடுங்க. கல்லுக்கால் நம்ம பக்கம் கிடைக்காத பொருளா என்ன!

அரூர் தைலமரம்:
மழைத் தண்ணியை யாரும் சொல்லலையே. அட்டிக்கு 2 அடி மேலே அரை அடி ஆழத்துல வாய்க்கால் எடுத்து ஒரு பக்கமா திருப்பி விடுங்க. இல்லேன்னா ஓடி வர்ற தண்ணி கல்லுக்கடி மண்ணை அரிச்சு, நீங்க பார்த்து வெச்ச மட்டமே போயிடும். மேட்டுப் பக்கம் சருகும் மண்ணும் சேர்ந்து விறகைத் தொட்டா கறையான் ஏற அதுவே வழி, அப்பப்போ வழிச்சு விடுங்க. அடிக்கட்டைக்கும் தரைக்கும் சந்து தெரியணும். மேட்டுக் கட்டைக்கும் தட்டைக்கல் கொடுத்தா, கீழே அதே அளவு கூட்டிக்கோங்க. தகரம் மேலே மட்டும், வாட்டம் பள்ளத்துப் பக்கம். தார்ப்பாயைச் சுத்திக் கட்டினா உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

எடுக்கும்போது ஒரு முனையிலிருந்து படிப்படியா இறக்கிட்டு வாங்க. நடுவுல உருவாதீங்க. கையை விடறதுக்கு முன்னாடி ஒரு குச்சியால தட்டிடுங்க, தேளும் விரியனும் தங்கற இடம் அது.