கெளுத்தி முள் மடங்குமா, மடங்காதா?

மாடக்குளத்தான்: "பாம்புக்குத் தன் இரை எதுவென்று தெரியும், இரையால் செத்த பாம்பு கிடையாது" என்று சோழவந்தான் வேலு நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் தீரவில்லை. எங்கள் கண்மாய் வற்றிய சித்திரையில், கெளுத்தியைப் பாதி விழுங்கிய தண்ணீர்ப்பாம்பு, கழுத்தைத் துளைத்து வெளியே நீட்டிய முள்ளோடு சேற்றில் செத்துக் கிடந்ததை நானே பார்த்தேன்.

சோழவந்தான் வேலு: தலைப்பக்கமாக விழுங்கினால் முள் பின்னோக்கி மடங்கிவிடும், ஐயா. என் அப்பா வைகையில் வலை வீசியவர். மீனைப் பற்றி எனக்குப் பாடம் வேண்டாம்.

மாடக்குளத்தான்: மடங்காது. கெளுத்தி மிரண்டால் இரு பக்கத்துடுப்பு முட்களையும் விரித்து அடிமூட்டில் பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டு அழுத்தத்துக்கு இளகாது. பாம்பின் கீழ்த்தாடைப் பாதிகள் முன்னால் எலும்பாக ஒட்டாமல் நெகிழும் தசைநாரால் இணைந்திருப்பதால் வாய் அகலத் திறக்கிறது என்பது உண்மைதான். ஆனால் பற்கள் உள்நோக்கி வளைந்திருப்பதால், முள் குத்திய பிறகு இரையை வெளியே தள்ளுவது அதற்குப் பெரும்பாடு. வலை வீசியவர் மகனுக்கு இது தெரியாதது எனக்கு வருத்தமே.

மேலூர் வாசகி: 2013-இல் மாசிடோனியாவில் 4.2 கிராம் எடையுள்ள விரியன் குட்டி, தன்னைவிடக் கனமான 4.8 கிராம் பூரானை விழுங்கியது. அந்தப் பூரானின் தலை விரியனின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த நிலையில், இரண்டும் இறந்து கிடந்தன. 2015-இல் தென்னாப்பிரிக்காவில் 13.8 கிலோ முள்ளம்பன்றியை விழுங்கிய மலைப்பாம்பும் இறந்தது.

சோழவந்தான் வேலு: அந்த மலைப்பாம்பு பாறையிலிருந்து விழுந்ததால்தான் முள் குத்தியிருக்கலாம் என்றும் சொன்னார்களே, அம்மா? பூரானுக்கு முள்ளே கிடையாது. நான் பேசுவது கெளுத்தி. மடங்கும்.

மாடக்குளத்தான்: சாரைதான் நல்லபாம்பின் ஆண் என்று போன ஆண்டு மூன்று நாள் சாதித்தவர் நீங்கள். அவை இரண்டும் வெவ்வேறு இனம் என்று எத்தனை பேர் விளக்கினோம்? இன்றுவரை ஒரு வார்த்தை திருத்தவில்லை.

சோழவந்தான் வேலு: அந்தப் பழைய கணக்கை இங்கே இழுப்பதே உங்களிடம் பதில் இல்லை என்பதைக் காட்டுகிறது. பாம்பைக் கண்டால் அடிக்கும் ஊரில், அது முள்ளால் செத்ததா கம்பால் செத்ததா என்று யார் பார்த்தார்கள்?

மாடக்குளத்தான்: நான் பார்த்தேன். கம்படி பட்ட காயம் எங்கும் இல்லை, தலைப்பக்கமாகத்தான் விழுங்கியிருந்தது, முள் விரிந்தபடியே நின்றது. மடங்காது.

சோழவந்தான் வேலு: மடங்கும்.