பிஎச் ஸ்ட்ரிப்புக்கு என்ன பேர்: "புளிப்பு எண்" வேணாம், "களர் எண்" வைக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம்,

ரெண்டு நாளா வந்த மடல் எல்லாத்தையும் உக்காந்து படிச்சேன். முத்தியால்பேட்டை அக்கா கேட்டது ஒரே ஒரு விஷயம்தான், வீட்டுல செய்யற சோப்போட குடுக்கற துண்டுச்சீட்டுல பிஎச் ஸ்ட்ரிப்னு எழுதாம தமிழ்ல எழுத ஒரு பேர். (பிஎச்னா ஒரு பொருள் புளிப்பா, அதாவது அமிலமா, இல்ல அதுக்கு எதிரா சுண்ணாம்பு மாதிரி காரமான்னு சொல்ற எண். ஸ்ட்ரிப்புங்கறது முக்குனா நெறம் மாறி அந்த எண்ணைக் காட்டற சின்னத் துண்டு.) அதுக்கு இதுவரைக்கும் வந்ததுல அதிகம் பேர் கைதூக்குனது இதுக்கு:

> பிஎச்சுக்கு "புளிப்பு எண்", ஸ்ட்ரிப்புக்கு "புளிப்புத் தாள்". யாருக்கும் விளக்கமே தேவைப்படாது.

ஐயா, விளக்கம் தேவைப்படாதுதான், ஆனா தலைகீழா புரிஞ்சிக்குவாங்களே. எலுமிச்சம்பழச் சாறுல ஸ்ட்ரிப்ப முக்குனா 2, 3 கிட்ட காட்டும், நல்லா பொங்குன இட்லி மாவுல 4 சொச்சம், சோப்பு நுரையில 9, 10, தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணியில 12-ஐயே தாண்டிடும். புளிப்பு கூடக்கூட எண் குறையுது. 1909-ல கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்துல சோரன்சன் இந்த அளவைக் கொண்டு வந்தப்பவே புளிப்பைக் குடுக்கற ஹைட்ரஜன் அயனிச் செறிவோட மடக்கைய (லாக்) எடுத்து குறி மாத்திதான் வச்சாரு, அதனாலதான் தலைகீழ், அதனாலதான் ஒரு எண் எறங்குனா புளிப்பு பத்து மடங்கு ஏறுது. இது தெரியாதவங்க கையில "புளிப்பு எண் 9"னு ஒரு சீட்டு போச்சுன்னா அந்த சோப்பு ரொம்ப புளிப்புன்னுதான நெனைப்பாங்க, அதுல அவங்க தப்பு என்ன இருக்கு?

இது வெறும் பேர் சண்டை இல்லைன்னு நான் சொல்றதுக்கு காரணம் எங்க கடலூர் பக்கத்து இறால் குட்டைங்க. பகல்ல பாசி வெயில்ல தண்ணியில இருக்கற கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கறதால சாயங்காலம் பிஎச் மேல போகும், ராத்திரி பூரா எல்லாம் மூச்சு விட்டு அது திரும்ப சேர்றதால விடியக்காலையில கீழ எறங்கும், அதனாலதான் காலையில ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவைன்னு பாக்கறாங்க, 7.5-ல இருந்து 8.5-க்குள்ள நிக்கணும்னு பாடுபடறாங்க. அவங்க பேச்சு என்ன? "பிஎச் ஏறிடுச்சு", "பிஎச் எறங்கிடுச்சு". எறங்குனா சுண்ணாம்பு போடுவாங்க. இப்ப நீங்க "புளிப்பு எண்"னு பேர் வச்சா அதே ஆளு "புளிப்பு ஏறிடுச்சு"ன்னு கேட்டா சுண்ணாம்பு மூட்டையத்தான் பிரிப்பாரு, குட்டையில பிஎச் ஏற்கனவே 9-ல நிக்கும். பேர் எந்தப் பக்கம் ஏறுதுன்னு சொல்லுதோ எண்ணும் அந்தப் பக்கமே ஏறணும். என்னைப் பொறுத்தவரைக்கும் இதுதான் முதல் நிபந்தனை, மத்த அழகெல்லாம் அப்புறம்.

அப்படிப் பாத்தா "கார எண்" சரியா வருது, ஏறுனா காரம்தான். ஆனா காரம்னா நம்ம வீட்டுல மொளகாத்தூள். பள்ளிக்கூடத்துல அமிலம் காரம்னு படிச்ச பிள்ளைங்களே மொளகாத்தூள் தண்ணி காரமான்னு கேப்பாங்க, அதுல ஸ்ட்ரிப்ப முக்கிப் பாத்தா லேசா அமிலப் பக்கம்தான் போகும், குழப்பம் இன்னும் அதிகமாகும். வேளாண்மைக்காரங்க "கார அமில நிலை"ன்னு எழுதறாங்க, கட்டுரைக்கு அது போதும், ஆனா ஒரு எண்ணோட பேரா வாயில வரல, "கார அமில நிலை ஏறிடுச்சு"ன்னா எது ஏறுச்சு, காரமா அமிலமா?

புதுச்சேரி தம்பி ஒருத்தர் "உவர் எண்"னு எழுதியிருந்தாரு. தம்பி, உங்க ஊரும் எங்க ஊரும் கடலை ஒட்டி இருக்கறதாலயே அதை நான் ஒத்துக்க மாட்டேன். நம்ம பக்கம் போர் தண்ணி உப்பாப் போச்சுன்னு கவலைப்பட்டுதான் பாதிப் பேரு இந்த ஸ்ட்ரிப்ப வாங்கறாங்க. உப்புக்கும் இதுக்கும் நேரடி சம்பந்தமே இல்ல. கடல் தண்ணியே 8 சொச்சம்தான் காட்டும், குடிதண்ணிக்கு இந்திய தரநிர்ணயம் சொல்ற 6.5-ல இருந்து 8.5-க்குள்ள அது அழகா உக்காந்துக்கும், அதுக்காக குடிக்க முடியுமா? உப்பு பாக்க டிடிஎஸ் மீட்டர், அதாவது தண்ணியில கரைஞ்சிருக்கற உப்பை அளக்கற கருவி வேணும். உவர்னு பேர் வச்சிட்டா ஸ்ட்ரிப் பச்சையா இருக்கு உப்பில்லைன்னு நம்பி ஏமாந்துடுவாங்க.

நான் முன்வைக்கறது களர் எண். உவர் நிலம்னா உப்பு ஏறுனது, களர் நிலம்னா சோடியம் ஏறி பிஎச் 8.5-ஐத் தாண்டுனது, இந்த ரெண்டையும் மண் பரிசோதனை பண்ற விவசாயி தெளிவா பிரிச்சுத்தான் பேசறாரு, களருக்குத்தான் ஜிப்சம் போடறாரு. வார்த்தை புதுசும் இல்ல, குறள்லயே (406) வருது. மொளகாத்தூளோட குழம்பாது, உப்போட குழம்பாது, எண் ஏறுனா களர் ஏறுதுன்னு தெசையும் சரியா இருக்கு. எலுமிச்சைக்கு களர் எண் 2ன்னா காதுக்கு புதுசாத்தான் இருக்கும், ஆனா பொய் இல்ல, களர் கொஞ்சமும் இல்லாத புளிப்புன்னு அர்த்தம்.

ஸ்ட்ரிப்புக்கு வருவோம். "தாள்" லிட்மஸுக்கு சரி, இப்ப டப்பாவுல வர்றது நிறைய பிளாஸ்டிக் குச்சி, நுனியில நாலு சின்னக் கட்டம் ஒட்டியிருக்கு. "பட்டை"ன்னா கடையில லவங்கப்பட்டையக் குடுப்பாங்க. எனக்கு "கீற்று" புடிச்சிருக்கு. கீத்துன்னா கொட்டாய் மேல போடற தென்னங்கீத்துதானேன்னு எங்க ஊர்ல கேப்பாங்கதான், ஆனா மாங்கா கீத்து தேங்கா கீத்துன்னு மெல்லிசா நீளமா அறுத்ததுக்கும் அதே வார்த்தைதான, அந்த உருவம்தான் இதுக்கும். ஆக களர் எண் கீற்று, சுருக்கமா களர்க்கீற்று. ஒப்பிட்டுப் பாக்கற அட்டைக்கு நிற அட்டை போதும். கட்டத்துல இருக்கற சாயத்துக்கு பாடப்புத்தகத்து "நிறங்காட்டி" ரொம்ப நல்ல சொல், அதைத் தொட வேணாம். (ஆரத்தித் தட்டுல மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு போட்டதும் செவக்குதே, அதுவும் நிறங்காட்டிதான். மஞ்சள் 7, 8-ஐத் தாண்டுனதும் சிவப்பாகும். இந்த வார்த்தைய விளக்க நமக்கு வேற உதாரணம் தேடவே வேணாம்.)

பேர் வேலைக்கு ஆகுதான்னு பாக்க அக்காவோட சீட்டு மாதிரியே எழுதிப் பாத்தேன், சத்தமா படிச்சுப் பாருங்க:

"சோப்பைத் தண்ணீரில் கொஞ்சம் கரையுங்கள். களர்க்கீற்றின் நுனியை ஒரு நொடி முக்கி எடுத்து உதறுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை பொறுத்து, பகல் வெளிச்சத்தில் நிற அட்டையோடு ஒப்பிடுங்கள். களர் எண் 9 முதல் 10 வரை இருப்பது சோப்புக்கு இயல்பு. 11-ஐத் தாண்டினால் பயன்படுத்த வேண்டாம். கடற்காற்று ஈரம் பட்டால் கீற்று கெட்டுவிடும், எடுத்தவுடன் மூடியை இறுக்கி மூடுங்கள்."

எனக்கு இதுல எங்கயும் இடறல. ஒரே ஒரு சந்தேகம், மண்ணியல் படிச்சவங்க இருந்தா சொல்லுங்க, களர்ங்கற சொல்ல மண்ணுக்கு வெளிய, சோப்புக்கும் இட்லி மாவுக்கும் கொண்டு வர்றதுல உங்க துறையில ஏதாச்சும் மோதுமா? மோதும்னா எந்த எடத்துலன்னு உதாரணத்தோட எழுதுங்க, அதை வச்சு அடுத்து பேசலாம்.

அன்புடன்,
கடலூர் முதுநகர்ல இருந்து