ஊரில் வீண்செலவு: போன வாரப் பேச்சுக்கு என் பதில்

உறவுகளுக்கு வணக்கம்.

ஊரில் எல்லாரும் கடன் வாங்கி மண்டபம், ஆல்பம், டைல்ஸ் என்று வீண்செலவு செய்கிறார்கள் என்று தோஹாவிலிருந்து தம்பி எழுதியதற்கு நாலைந்து பேர் ஆமாம் போட்டிருந்தீர்கள். நானும் போட்டிருப்பேன். ஆடிக்கு ஊருக்குப் போய்விட்டு வந்ததால் கை வரவில்லை.

சித்தப்பா வீட்டுத் திண்ணையில் மொய் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தோம். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்துப் போட்டதே, அதற்கடுத்த ஆடியில் அவர் மொய் விருந்து வைத்தார், கல்யாணம் காதுகுத்து எதுவும் இல்லாமல் மொய் வாங்கவே போடும் சாப்பாடு. உள்ளூர்க்காரர்கள் ஐநூறும் ஆயிரமும் எழுதியிருக்கிறார்கள். சிங்கப்பூர், வளைகுடாப் பெயர்களுக்கு நேரே பத்தாயிரம். என் பெயரும் அதில் இருக்கிறது. அன்றைக்குப் பெருமையாகத்தான் எழுதினேன்.

அந்தப் பத்தாயிரக்காரர்களில் இரண்டு பேர் வீட்டில் இந்த ஆடிக்கு விருந்து. வாங்கியதைத் திருப்பிச் செய்து, மேலே கொஞ்சம் புது மொய்யும் வைக்க வேண்டும். சித்தி நூறு நாள் வேலைக்குப் போகிறார், 2025-26 கணக்கில் தினக்கூலி 336 ரூபாய். ஒரு பத்தாயிரம் என்பது அவருக்கு முப்பது நாள் கூலி. செயினை அடகு வைத்துத்தான் செய்தார்கள்.

மொய்யை நான் குறை சொல்லவில்லை. வட்டியில்லாக் கடன் அது. நம் ஊரில் பாதி போர்வெல் அந்தப் பணத்தில் இறங்கியதுதான். எழுதுகிறவர்களின் வருமானம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தவரை கணக்கு சரியாக ஓடியது. இப்போது அப்படி இல்லை. சீனாவின் குய்ச்சோ மாகாணக் கிராமங்களிலும் இதே கதை. அங்கே அன்பளிப்புச் செலவு ஏறிக்கொண்டே போனதை ஆய்வாளர்கள் வீட்டு நோட்டுகளை வைத்தே கணக்கெடுத்தார்கள்.

அப்புறம் வீடு. சித்தப்பாவின் வருமானம் முன்னைக்கு இப்போது குறையவில்லை. எதிர்வீட்டில் கிரானைட் படியும் கண்ணாடிக் கைப்பிடியும் வந்துவிட்டன, அவ்வளவுதான். மகனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் சிவப்பு சிமெண்ட் தரையைப் பார்த்த பார்வையைச் சித்தி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரு குடும்பத்தின் செலவைத் தீர்மானிப்பது அதன் வருமானம் மட்டுமில்லை, சுற்றியிருப்பவர்களோடு ஒப்பிட்டால் அது எங்கே நிற்கிறது என்பதும்தான் என்று டூசன்பெரி என்ற அமெரிக்கப் பொருளாதாரக்காரர் 1949லேயே சொன்னார். 2023-24 அரசுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆளுக்கு மாதச் செலவு 5,701 ரூபாய். இந்தியக் கிராமங்களுக்கு 4,122. நாம் மேலேதான். ஆனால் நம் தெருவில் சராசரி வீடு என்று ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்.

டைல்ஸ் போட்டாயிற்று. பால் மொத்தமும் சொசைட்டிக்குப் போகிறது, வீட்டில் வரக்காப்பி. பிரஷர் மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள். இதெல்லாம் எந்த ஆல்பத்திலும் வராது.

வெளிநாட்டில் இருப்பவர்களும் உள்ளூர் அளவுக்கே மொய் எழுதுவோம், கூட உதவ நினைப்பவர்கள் தனியாகக் கையில் கொடுக்கட்டும் என்று சங்கத்தில் பேசலாம் என நினைத்தேன். சித்தப்பாவிடம் சொன்னேன். "நோட்டுல ஏறாத காசு பிச்சைடா" என்றார். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

இருந்தாலும் ஆவணியில் மாமா வீட்டு விருந்துக்கு என் பேரில் ஆயிரம்தான் எழுதச் சொல்லியிருக்கிறேன். மாமாவும் இந்தக் குழுவில் இருக்கிறார். திட்டுவதென்றால் இங்கேயே திட்டுங்கள் மாமா.