ஷாஃப்ட் ஸ்ப்லைனுக்கு எந்த கிரீஸ் போடுகிறீர்கள்?

சங்கிலிக்குப் பதில் ஷாஃப்டில் ஓடும் ஹோண்டா பைக், பழைய கோல்டு விங் ஜிஎல் 1500 வைத்திருக்கிறேன், பின் டயர் மாற்றச் சக்கரத்தைக் கழற்றும்போதே ஃபைனல் டிரைவ் ஸ்ப்லைன்களையும் (ஷாஃப்டின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கடத்தும், ஒன்றோடொன்று பொருந்தும் பற்கள்) துடைத்து கிரீஸ் போட்டுவிடலாம் என்று பார்க்கிறேன். இதற்கென்றே இருந்த ஹோண்டாவின் பழைய மோலி 60 பேஸ்ட் (உராய்வைக் குறைக்கும் மாலிப்டினம் டைசல்பைடு நிறையச் சேர்த்தது) நிறுத்தியாகிவிட்டது, அதற்குப் பதில் ஹோண்டாவின் எம்-77 பேஸ்ட்தான். கடைக்காரரோ கார் அச்சு மூட்டுகளுக்குப் போடும் சிவி ஜாயின்ட் கிரீஸே போதும் என்கிறார். அதில் மாலிப்டினம் டைசல்பைடு வழக்கமாக 3 முதல் 5 சதவீதம்தான். பல்லோடு பல் அழுந்தி ஓயாமல் உரசுகிற இடத்தில் கிரீஸ் பிதுங்கி வெளியேறிவிட்டால் துருப்போன்ற செந்தூள் கிளம்பிப் பல் தேய ஆரம்பித்துவிடும், எனக்கு அதில் நம்பிக்கையே இல்லை. எம்-77 போட்டவர்கள் சொல்லுங்கள், அடுத்த முறை கழற்றியபோது காய்ந்து கிடந்ததா, ஈரமாக இருந்ததா? அப்புறம், பேஸ்டோடு கொஞ்சம் லித்தியம் கிரீஸ் கலக்கலாமா?